ஐட்லிங்கில் அணைந்துவிடும் எஞ்சின்: கம்பியூட்டருக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "எங்களுடையது 2002ஆம் ஆண்டு விட்ஸ் கார், ஓட்டோ கியர். நானுஓயா ஏற்றத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஏறுகிறது. ஆனால் நுவரெலியா நகருக்குள் நெரிசலில் நிறுத்தியதும் எஞ்சின் நடுங்கி அணைந்துவிடுகிறது. லைட் போட்டால் அல்லது ஸ்டியரிங்கைத் திருப்பினால் இன்னும் மோசம். கராஜில் பெற்றோல் பம்பை மாற்றியும் பயனில்லை. இப்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர்தான் பழுது, கொழும்பிலிருந்து அதற்கு ஒரு ரீகண்டிஷன் பெட்டி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. எஞ்சினுக்கு மிக அதிகமாகப் பெற்றோல் தேவைப்படுவது ஏற்றத்தில்தான். பம்ப் தளர்ந்திருந்தால் கார் முதலில் நானுஓயா ஏற்றத்தில் திணறியிருக்க வேண்டும். ஏற்றத்தில் ஒழுங்காக வேலை செய்யும் கம்பியூட்டர், நீங்கள் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மட்டும் பழுதாகிவிடுவது மிக மிக அரிது. காலை எடுத்ததும் மாறுவது ஒன்றே ஒன்று: எஞ்சினுக்குள் காற்று போகும் வாசல் மூடிக்கொள்கிறது. த்ரொட்டில் எனப்படும் அந்தத் தகடு மூடியிருக்கும்போது, அதன் விளிம்போரத்து மெல்லிய இடைவெளியாலும் ஐடில் வால்வின் சிறு துவாரத்தாலும் வரும் காற்றைக்கொண்டுதான் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் ஐட்லிங் என்கிறோம். எஞ்சினுக்குள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி ஆண்டுக்கணக்கில் அங்கே படிந்து, மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் பிடிக்கும் கரியைப் போலத் தகட்டைச் சுற்றிக் கருவளையமாகிவிடும். லைட்டும் ஸ்டியரிங்கும் எஞ்சின்மீது சுமையேற்றுபவை. அப்போது தேவைப்படும் கூடுதல் காற்று அடைபட்ட வழியால் வருவதில்லை. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒடுங்கிய வழிக்கு அதுவும் ஒரு இடி.

கார் நடுங்கத் தொடங்கும் நேரத்தில், கியரை 'பி'யில் வைத்து எக்ஸலேட்டரை மிக மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். எஞ்சின் அணையாமல் சீராக ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் காற்று வழியைத்தான். த்ரொட்டிலையும் ஐடில் வால்வையும் அதற்கென விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்வது சில மணி நேரத்துக்குள் முடியும் வேலை. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றியதும் அந்தக் கருவளையத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டும்படி கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல கார்கள் கெடுவது இங்கேதான். எக்ஸலேட்டர் மிதியிலிருந்து த்ரொட்டில் வரை கேபிள் ஓடினால் பயமில்லை. கேபிள் இல்லாமல் வயர் மட்டும் போனால் அது மோட்டாரால் திறக்கும் த்ரொட்டில். அதன் தகட்டை விரலால் தள்ளவோ உரசித் தேய்க்கவோ கூடாது. ஸ்பிரேயைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும். இத்தகைய கார்களில், அழுக்குக்கு ஈடாகத் தகட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கம்பியூட்டர் பழகி வைத்திருக்கும். அழுக்குப் போனதும் அதே அளவு திறப்பதால் எஞ்சின் உயர்ந்த சுற்றில் இரையும். அது பழுதல்ல, பழைய பழக்கம். சில கார்கள் சிறிது நேரம் ஓடிய பின் தாமாகவே சரிசெய்துகொள்ளும். நிசான் கார்கள் பலவற்றுக்கு, பெரும்பாலும் ஸ்கேனர் கொண்டு, ஐட்லிங்கை மீண்டும் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல், இரைச்சலைக் காட்டியே புதிய சென்சர் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

த்ரொட்டில் ஓரத்து ஸ்குருவைத் திருகி ஐட்லிங்கைக் கூட்டித் தருவதாகச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது தொழிற்சாலையில் அளந்து வைக்கப்பட்டது. அதைத் திருகினால் நோய் மறையும், அடைப்பு அப்படியே இருக்கும். காரும் 'டி'யில் வைத்ததுமே வழக்கத்தைவிட வலுவாக முன்னே இழுக்கும்.

ரீகண்டிஷன் பெட்டி பற்றி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் நேர்மையாக உதிரிப்பாகம் விற்கும் கடைகள் உண்டு. ஆனால் கடைக்கும் உங்களுக்கும் இடையில் நிற்பவர் எந்தக் கடை என்று சொல்லமாட்டார், பற்றுச்சீட்டுத் தரமாட்டார், பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கவும் மாட்டார். திருட்டுத் தடுப்புச் சாவி உள்ள காரில் வேறு காரின் பெட்டியைப் பூட்டினால், சாவியைப் புதிதாகப் பதியாதவரை எஞ்சின் இயங்காது. பிறகு அதற்கும் ஒரு செலவு சொல்வார். பம்பை மாற்றியபோது கழற்றிய பழையதை உங்களிடம் தந்தார்களா? அதை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கையையும் தேடி எடுங்கள். ஐட்லிங்கில் வெளியான காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும் அதில் இலக்கத்தில் இருக்கும். முதலாவது மிகையாக இருந்தால் உள்ளே போகும் காற்றின் அளவுக்கு மேல் பெற்றோல் போகிறது. இரண்டாவது மட்டும் மிகையாக இருந்தால் பிளக், கொயில் பக்கம் பார்க்க வேண்டும். காசு வாங்கி அளந்த இந்த விவரத்தை உரிமையாளருக்கு விளக்கிச் சொல்ல எவரும் இல்லை. 'பாஸ்' என்ற ஒரு சொல்லோடு மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மக்களின் பணத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சோதனை இப்படி வெறும் முத்திரையாகிக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிரேக் மிதி வழக்கத்தைவிட இறுகியிருந்தால் காரை எடுக்கவே வேண்டாம். பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் ஐட்லிங் குலையும். அதை அன்றே மாற்ற வேண்டும்.

திருத்தும்வரை இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதீர்கள். பெற்றோல் மிச்சம் என்று மலையகத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். உண்மையில் கியரில் இறங்கும்போது, காலை எடுத்தவுடன் இன்ஜெக்டர்கள் பெற்றோலை நிறுத்திவிடுகின்றன; நியூட்ரலில்தான் பெற்றோல் செலவாகிறது, எஞ்சினும் அணையக்கூடிய நிலைக்கு வருகிறது. வளைவில் அணைந்துவிட்டால் ஸ்டியரிங் கனக்கும், பூஸ்டரில் ஓரிரு மிதிக்கான வலுவே மிஞ்சியிருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரமாக நிறுத்தி, 'பி'யில் வைத்த பின்னரே மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.