அரங்க நுட்பத்துக்கு 20 மதிப்பெண்: யாருக்கு எவ்வளவு?

வணக்கம். நீங்கள் நடுவராக இருக்கும் நாடகப் போட்டியில் ஒரு குழு எல்இடி திரை, புகை எல்லாம் போட்டது. இன்னொரு குழு ஒரு வெள்ளை வேட்டியும் இரண்டு முக்காலியும் மட்டும் வைத்து நடித்தது, அரங்க நுட்பத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். செலவுக்கு மார்க் போடாதீர்கள், அவ்வளவுதான்.

தெருக்கூத்தில் இரண்டு பேர் துணியைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று வேடக்காரர் பாடுவார். முதலில் கிரீடம் மட்டும் தெரியும். துணி விலகும்போது கூட்டமே நிமிர்ந்து உட்காரும். அதுபோல, இரண்டாவது குழுவின் அந்த வெள்ளை வேட்டியும் நடிப்பில் ஆறாகவும் தூளியாகவும் பிணப்போர்வையாகவும் மாறியதா? அப்படியானால் தாராளமாக 16, 17 போடலாம்.

எல்இடி குழுவில் பின்னால் கடல் அலையடிக்கும்போது நடிகரின் முகம் இருட்டில் இருந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்! அதற்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். காட்சி மாறும்போது இருட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் அங்கேயும் குறையுங்கள்.

அப்புறம், நடுவர் மேசையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு காட்சியையாவது கடைசி வரிசையில் நின்று பாருங்கள். வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவது அங்கேதான் தெரியும். மைக் வைத்தும் விழுங்குவார்கள்.