மாற்றுத்திறனாளி பிள்ளையின் கல்லூரிச் செலவு: பணம் திரட்டுவது பற்றிக் கேள்வி பதில்

கடலூரில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பன்னிரண்டு வருடமாக நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, மாற்றுத்திறனாளி பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்து வருகிறேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு இரண்டு காலும் பிறவியிலிருந்தே வராது. 75 சதவீதம் என்று சான்று இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டான். பி.காம். சேர்க்க ஒரு லட்சம் ஆகும் என்கிறார்கள். யாரிடம் கேட்பது?

அம்மா, யாரிடம் கேட்பது என்பதற்கு முன்னால் எதற்குக் கேட்கிறோம் என்று பார்த்துவிடுவோம். அந்த ஒரு லட்சத்தை யார் சொன்னது? கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியில் பி.காம். கட்டணம் அவ்வளவு வராது. அதிலும் மாற்றுத்திறனாளி மாணவருக்குச் சலுகை உண்டு. சேர்க்கையின்போதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் 5 சதவீத இடம் இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 வருடத் தளர்வு உண்டு.

செலவு கல்லூரிக்கு வெளியேதான் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் கடலூர் வந்து, அங்கிருந்து கல்லூரி இருக்கும் தேவனாம்பட்டினம் போக ஆட்டோ. போக வர ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 22 நாளுக்கு 4,400. பத்து மாதத்துக்கு 44,000. மூன்று வருடத்துக்கு 1,32,000. ஒரு தாளில் இதை எழுதிப் பார்க்காத பெற்றோர்தான் முதல் வருடத்தோடு படிப்பை நிறுத்துகிறார்கள். நான் பார்த்த வரையில் கட்டணத்தால் நின்ற பிள்ளைகள் குறைவு. ஆட்டோவாலும், மாடியில் இருக்கும் வகுப்பாலும் நின்றவர்கள் அதிகம்.

அதனால் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். மனு கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்ப்பு நாளில் மறுபடி கொடுங்கள். மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான மாற்றுத்திறனாளி உதவித்தொகை இருக்கிறது. வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பையன் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண்.

இதையெல்லாம் கழித்த பிறகு நிற்கும் தொகைக்குத்தான் ஊரில் கேட்க வேண்டும். அதை மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். வருகிற பணம் உங்கள் கைக்கு வர வேண்டாம். கல்லூரிக் கட்டணத்தைக் கொடுப்பவரே நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டி, ரசீதை மகன் பெயரில் வாங்கட்டும்.

விருத்தாசலத்திலிருந்து: என் தங்கைக்கு 35 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள். உதவித்தொகை கிடைக்குமா?

40 சதவீதம் இருந்தால்தான். குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் மறுமதிப்பீடு கேளுங்கள்.

பாகூரிலிருந்து ஓர் அப்பா: வீடு புதுச்சேரிப் பக்கம் பாகூர், மகள் படித்தது கடலூர் பள்ளி. எந்த அரசிடம் கேட்பது?

இருப்பிடச் சான்று எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம், ஐயா. புதுச்சேரியில் சென்டாக் என்கிற அரசுச் சேர்க்கைக் குழு வழியாகத்தான் சேர்க்கை. அங்கே மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு இருக்கிறது, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப மறக்காதீர்கள். பாதிப் பேர் பொதுப் பிரிவில் போட்டுவிட்டு அப்புறம் வந்து நிற்கிறார்கள். காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மத்திய அரசுடையது, அதற்கு எந்த ஊர்க்காரரும் போடலாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: என் மகனுக்குப் பார்வை இல்லை. என் அண்ணன் பாரிஸில் இருக்கிறார், பிரெஞ்சு குடியுரிமை. படிப்புச் செலவு முழுக்கத் தருகிறேன் என்கிறார். அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களும் சங்கமாகச் சேர்ந்து தரத் தயார். இங்கே ஓர் அறக்கட்டளை மூலம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. பிரெஞ்சு குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம். அவர் முத்தியால்பேட்டையில் பிறந்தவராகவே இருக்கட்டும், கணக்கு மாறாது.

ஆனால் உறவினர் தந்தால் விலக்கு உண்டு. இங்கேதான் கவனம் வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் தாய்மாமன், சித்தப்பா, அத்தை, சித்தி எல்லோரும் பிள்ளைக்கு உறவினர்தான். அத்தை மகன், மாமன் மகள் வரமாட்டார்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் உறவின் வட்டம் இன்னும் சிறியது. அதில் தாய்மாமன் இல்லை. கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் அண்ணன் உங்கள் மகனுக்கு அனுப்ப வேண்டாம், தங்கையான உங்களுக்கு அனுப்பட்டும். இரண்டு சட்டத்திலும் தடை இல்லை. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போனால் மட்டும் மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சங்கம் தரும் பணம் வேறு கதை. அதை இங்கே வாங்கும் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நிதிப் பதிவு இருக்க வேண்டும், டில்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் அதற்கான கணக்கும் இருக்க வேண்டும். அந்த ஒருவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தராவிட்டால் அவரிடம் பணம் போகக் கூடாது.

வில்லியனூரிலிருந்து: நான் சம்பளக்காரன். மகனுக்காக என் நண்பர்கள் என் கணக்கில் 80,000 போட்டிருக்கிறார்கள். வரி உண்டா?

உறவினர் அல்லாதவர்கள் ஒரு நிதியாண்டில் தரும் தொகை மொத்தம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமில்லை, முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானத்தில் சேரும். உங்கள் சம்பளத்தோடு கூட்டுவார்கள். பதினெட்டு வயது நிறைந்த மகனின் சொந்தக் கணக்கில் வந்திருந்தால், அவனுக்கு வேறு வருமானம் இல்லாத நிலையில், அடிப்படை விலக்கு வரம்புக்குள் வரி வராது. இனி வருவதை அப்படிச் செய்யுங்கள். அதைவிட நல்லது, நேராகக் கல்லூரிக்கே கட்டச் சொல்வது.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தனி ஆளுக்குத் தரும் பணத்துக்கு அது கிடையாது, பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால்தான். ரொக்கமாக 2,000-க்கு மேல் தந்தால் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதனால் பயனும் இல்லை.

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் தெருப் பையனுக்காக வாட்ஸ்அப்பில் போட ஒரு செய்தி தயார் செய்திருக்கிறோம். படமும் சான்றிதழும் இணைத்திருக்கிறோம். சரியா?

சரியில்லை, தம்பி. இரண்டையும் எடுத்துவிடுங்கள். சான்றிதழில் முகவரி, பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது. வேறொருவன் அதே படத்தைப் போட்டுத் தன் க்யூஆர் கோடை ஒட்டினால், உங்களால் தடுக்க முடியாது.

அவரே: படம் இல்லாமல் யார் பணம் தருவார்கள்? பார்த்தால்தானே மனசு இரங்கும்.

நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன். எங்கள் முதல் வருடம், ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, காலுக்குத் தாங்கலாக மாட்டும் காலிப்பரோடு படம் எடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சுருட்டிய துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தான். பத்து நாளில் கேட்டதைவிட அதிகமாகப் பணம் வந்தது. மறு வருடம் கல்லூரி கேன்டீனில் ஒரு பையன் தன் போனை நீட்டி, 'இது நீதானே?' என்று கேட்டிருக்கிறான். அதற்கப்புறம் அவன் மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்டேன். படித்து முடித்துவிட்டான், இப்போது வேலையில் இருக்கிறான். அந்தப் படம் இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

பண்ருட்டியிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் தெரியாதவர்கள் நம்ப வேண்டாமா? மோசடி நிறைய நடக்கிறதே.

நம்பிக்கைக்குத்தான் கல்லூரியின் கட்டண ரசீது இருக்கிறது, அம்மா. சேர்க்கை எண்ணும் கட்ட வேண்டிய தொகையும் கடைசித் தேதியும் எழுதுங்கள். கொடுப்பவர் கல்லூரிக்குப் போன் செய்து கேட்கலாம். சந்தேகப்படுகிறவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

மீண்டும் முதுநகர் இளைஞர்: பையனே சம்மதித்துவிட்டான்.

யார் முன்னால் கேட்டீர்கள்? அவன் அப்பாவும் நீங்கள் நாலு பேரும் நின்றுகொண்டு கேட்டால் எந்தப் பையன் மறுப்பான்? தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றாலும் பணம் திரட்டுவோம் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: நான் வீல்சேரில் இருக்கிறேன், எம்.ஏ. படிக்கிறேன். என் படத்தை நானே போட்டுத்தான் பணம் திரட்டினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. மறைக்கச் சொல்வதும் ஒரு மாதிரி அவமானம்தான்.

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நீங்களே எடுத்து, நீங்களே போட்டது உங்கள் படம். எந்தப் படம் என்று தேர்ந்தெடுத்தது நீங்கள். அதை யாரும் தடுக்கக் கூடாது, நானும் தடுக்கவில்லை. அடுத்தவர் கையில் கேமரா இருக்கும்போதுதான் எனக்குப் பயம்.

சிதம்பரத்திலிருந்து: பொறியியல் படிப்புக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ தரும் சக்ஷம் உதவித்தொகை, வருடம் 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டமோ டிப்ளமோவோ படிக்க வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஒரே நேரத்தில் இரண்டு மத்திய உதவித்தொகை வாங்க முடியாது. எது பெரியதோ அதற்குப் போடுங்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: எத்தனை சதவீதம் இருந்தால் உதவித்தொகை?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. 40.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: பழைய தேசிய அடையாள அட்டைதான் இருக்கிறது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கட்டாயமா?

கட்டாயம். இன்றைக்கே விண்ணப்பியுங்கள். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு எது என்றும் வங்கியில் கேட்டுவிடுங்கள். உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் போகும். பழைய கணக்கு ஒன்றில் பணம் விழுந்து கிடக்க, வரவில்லை என்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உழவர்கரையிலிருந்து: யூடிஐடி இல்லாமல் விண்ணப்பிக்க வழி உண்டா?

ஐயா, இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

நெய்வேலியிலிருந்து: கல்விக் கடன் வாங்கினால் போதாதா? ஏன் ஊரில் கேட்க வேண்டும்?

வாங்கலாம். 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். ஆனால் வேலை கிடைக்கத் தாமதமாகும் பிள்ளையின் தலையில் பெரிய கடனை ஏற்ற எனக்கு மனசு வராது. கட்டணத்துக்கு மட்டும் கடன், ஆட்டோவுக்கும் உதவியாளருக்கும் நன்கொடை என்று பிரியுங்கள்.

வடலூரிலிருந்து: மகளுக்கு மூளை முடக்குவாதம். எந்த மருத்துவம் நல்லது?

அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது, அம்மா. மகள் பதினெட்டு வயதைத் தாண்டியவள், தானே கையெழுத்திட முடியாது என்றால் சொல்லுங்கள். 1999-ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் உத்தரவு வாங்கலாம். வங்கிக் கணக்குக்கு அது தேவைப்படும்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மாணவி: எனக்குச் செவித்திறன் குறைவு. அப்பா என் பேரில் எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறார். 'என் மகளின் பரிதாப நிலையைப் பார்த்து' என்று ஆரம்பிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவும் முடியவில்லை.

நீயே எழுதும்மா. அப்பா கோபப்பட மாட்டார், எழுதத் தெரியாமல்தான் அப்படி எழுதுகிறார். முதல் வரியில் உன் பெயர், படிப்பு, மதிப்பெண். அடுத்து அரசு தருவது எவ்வளவு, குறைவது எவ்வளவு. காதுக் கருவியின் பேட்டரிக்கு மாதம் ஆகும் செலவையும் எழுது, அதை யாரும் யோசிப்பதே இல்லை. கல்லூரியின் கணக்கு எண்ணும் கடைசித் தேதியும் போட்டு, கீழே நீ கையெழுத்துப் போடு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுதியதும் எனக்கு அனுப்பு. இந்த வாரத்துக்குள் அனுப்பினால் சேர்க்கைத் தேதிக்கு முன்னால் இருபது பேருக்காவது நான் கொண்டு சேர்த்துவிடுவேன்.