எழுத்துரு கேள்வி பதில்: மெல்லிசு கோடு ஏன் காணாம போகுது?

கேள்வி: வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் ஃபேஷன் பத்திரிகை அட்டையில ஒரு கோடு தடியா, ஒரு கோடு நூல் மாதிரி மெல்லிசா ஒரு எழுத்து வருமே, அது என்ன ஃபான்ட்? அதே மாதிரி ஒண்ணு டவுன்லோட் பண்ணி என் பொட்டீக் விசிட்டிங் கார்டுக்கு போட்டேன், ஸ்க்ரீன்ல அள்ளுது, பிரிண்ட்ல கறுப்பு பேக்ரவுண்ட்ல பாதி எழுத்தே காணோம். பிரஸ்காரர் தப்பா?
வாசகி, கோவை

பதில்: பிரஸ்காரரை மட்டும் சொல்லி பிரயோஜனம் இல்லங்க. நீங்க கேக்குறது டிடோன் வகை. பாரிஸ்ல ஃபிர்மேன் டிடோ, இத்தாலில பார்மாவுல ஜம்பாட்டிஸ்டா போடோனி, எழுத்து வடிவமைக்கிற இந்த ரெண்டு பேரும் 1780கள்ல கிட்டத்தட்ட ஒரே நேரத்துல இந்த வழியில போனாங்க. அதுக்கு முன்னாடியே 1757ல இங்கிலாந்துல பாஸ்கர்வில்ங்கிற அச்சுக்காரர் வழவழப்பான பேப்பர்ல அச்சடிச்சு காட்டிட்டாரு, பேப்பர் அப்படி இருந்தாதான் அவ்ளோ மெல்லிசு கோடு சுத்தமா விழும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அந்த காலத்துல ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியா ஸ்டீல்ல அச்சு வெட்டணும், அதனால சின்ன எழுத்துக்கு மெல்லிசு கோட்ட கொஞ்சம் தடியா விட்டு வெட்ட முடிஞ்சுது. போடோனி 1813ல இறந்துட்டாரு, அவர் மனைவி 1818ல வெளியிட்ட எழுத்து மாதிரிகள் புத்தகத்துல ஒரே எழுத்து கொஞ்சம் கொஞ்சமா சைஸ் மாறி பக்கம் பக்கமா வரும், பாத்தா பிரமிச்சு போயிடுவீங்க. கம்ப்யூட்டர் ஃபான்ட் வந்ததும் ஒரே டிராயிங்க எல்லா சைஸுக்கும் இழுக்கிறதுதான் வழக்கமாச்சு. 96 பாயின்ட்டுக்கு (பாயின்ட்னா எழுத்து சைஸோட அளவு) வரைஞ்சத 8 பாயின்ட்ல போட்டா கோடும் 12 மடங்கு மெலிஞ்சிடும், அப்புறம் மை எங்க நிக்கும்?

1990களோட தொடக்கத்துல ஹார்ப்பர்ஸ் பஜாரை ஃபேபியன் பாரோன் புதுசா டிசைன் பண்ணப்போ ஜோனாதன் ஹோஃப்லர்ங்கிற எழுத்து டிசைனர் செஞ்ச டிடோங்கிற ஃபான்ட்ல, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் 6ல இருந்து 96 பாயின்ட் வரைக்கும் 7 சைஸ் தனித்தனியா வரைஞ்சாரு. அட்டையில அந்த கோடு எவ்ளோ பெருசானாலும் மெல்லிசாவே நிக்கிறது அதனாலதான். அது காசு குடுத்து வாங்குற ஃபான்ட், உங்களுக்கு கூகுள் ஃபான்ட்ஸ்ல போடோனி மோடா இலவசமாவே இருக்கு, அதுலயும் 6ல இருந்து 96 வரைக்கும் சைஸ் செட்டிங் உண்டு. கடை பேருக்கு பெரிய சைஸ் செட்டிங், அட்ரஸ் போன் நம்பருக்கு சின்ன சைஸ் செட்டிங் வைங்க.

கறுப்பு மேல வெள்ளை எழுத்துன்னா இன்னும் கஷ்டம், சுத்தி இருக்கிற மை உள்ள பரவி கோட்ட மூடிடும். நாலு கலர் கலந்த கறுப்பா இருந்தா ஒரு கலர் லேசா நகர்ந்தாலே போச்சு, அதனால தனி கறுப்பு மை ஒண்ணு மட்டும் போட சொல்லுங்க, முடிஞ்சா வெள்ளை அட்டையில கறுப்பு எழுத்தாவே மாத்திடுங்க, இந்த எழுத்துக்கு அதுதான் அழகு.

கேள்வி: காலேஜ் மேகசின்ல கட்டுரை முழுக்க இதே எழுத்துல போடலாமா?
வாசகர், மதுரை

பதில்: வேண்டாம்ங்க. நிமிர்ந்த கோடு எல்லாம் ஒரே தடிமன்ல வரிசையா நிக்கும், மெல்லிசு கோடு கண்ணுல படாது, நாலு வரி படிச்சாலே கண்ணு கூசும். தலைப்புக்கு மட்டும் வச்சுட்டு இங்கிலிஷ் மேட்டருக்கு பாஸ்கர்வில் பேர்ல இருக்கிற ஃபான்ட் போடுங்க, ரெண்டும் ஒரே வம்சம்தான், பக்கத்துல ஒட்டி நிக்கும்.