ஐரோப்பியக் கூட்டுக் கடன்: வாங்கியது யார், கட்டப்போவது யார்? (கேள்வி பதில்)

கொரோனா காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தன் பெயரிலேயே சந்தையில் கடன் வாங்கி, 27 உறுப்பு நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்த மீட்பு நிதியைப் பற்றி வந்த கேள்விகள் இவை. அடிப்படைத் தொகைகள் 2018 விலையில் உள்ளவை. நிதியின் மொத்தத் தொகையான 75,000 கோடி யூரோ, நடப்பு விலையில் பார்த்தால் சுமார் 80,700 கோடியாகும். இரண்டையும் கலந்து கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

கே: ஒன்றியத்துக்குத்தான் பட்ஜெட் இருக்கிறதே, தனியாக எதற்குக் கடன்?

அந்த பட்ஜெட் 7 ஆண்டுக்கு ஒருமுறை பூட்டப்படுவது. 2021–27க்கு 1,07,430 கோடி யூரோ. பெரிதாகத் தெரியும், ஆனால் உறுப்பு நாடுகளின் மொத்த தேசிய வருமானத்தில் அது ஒரு சதவீதம் சொச்சம்தான். அதில் பற்றாக்குறை விடவும் ஒப்பந்தம் இடம் தராது. 2020 மார்ச் 25 அன்று இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் உள்ளிட்ட 9 நாடுகளின் தலைவர்கள் கூட்டுக் கடன் பத்திரம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். ஜெர்மனியும் நெதர்லாந்தும் அப்போது மசியவில்லை. மே 18 அன்று ஜெர்மனியின் தலைவர் மெர்கெலும் பிரான்ஸின் தலைவர் மக்ரோனும் சேர்ந்து 50,000 கோடியை மானியமாகவே கொடுக்கலாம் என்றதும்தான் கதவு திறந்தது. ஜூலை 17 முதல் 21 வரை நடந்த உச்சி மாநாட்டில் 39,000 கோடி மானியம், 36,000 கோடி கடன் என்று முடிந்தது. மானியத்தைக் குறைக்கச் சொன்ன நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்வீடன், டென்மார்க் நான்குக்கும் ஒன்றியத்துக்குக் கட்டும் சந்தாவில் தள்ளுபடி கிடைத்தது. தோழமையின் விலை என்று அதைச் சொல்லலாம்.

கே: 2010இல் கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸுக்கும் கொடுத்தார்களே ஐயா, இதில் என்ன புதிது?

அன்று கொடுத்தது கடன் மட்டுமே. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ, அதற்கு நிபந்தனையாகச் சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு. 2013இல் அங்கே வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. அந்தத் தழும்பு எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2020இல் ஐரோப்பிய நிலைத்தன்மை நிதியம் (நெருக்கடியில் சிக்கும் யூரோ நாடுகளுக்குக் கடன் தரும் அமைப்பு) 24,000 கோடி வரை, நாட்டுக்கு அதன் ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தி) 2 சதவீதம் என்று, கிட்டத்தட்ட நிபந்தனையே இல்லாமல் மருத்துவச் செலவுக்குக் கடன் தர முன்வந்தது. ஒரு நாடுகூட எடுக்கவில்லை. வட்டி குறைவுதான், அந்த வாசலில் போய் நின்றால் ‘அடுத்த கிரீஸ்’ என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம். அதனால் மீட்பு நிதியில் எல்லா நாட்டுக்கும் பங்கு வைத்தார்கள். பணக்கார ஜெர்மனிக்கும் மானியம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கே: பங்கு எந்தக் கணக்கில் போட்டார்கள்?

மானியத்தில் 70 சதவீதத்துக்கு மக்கள்தொகை, தலா வருமானம் (குறைந்தால் பங்கு கூடும்), 2015–19 சராசரி வேலையின்மை ஆகிய மூன்றும். மீதி 30 சதவீதத்தில் வேலையின்மைக்குப் பதிலாக 2020, 2021இல் ஜிடிபி எவ்வளவு சரிந்தது என்பது. கொரோனாவுக்கு முந்தைய வேலையின்மைக்கும் கொரோனாவுக்கும் என்ன உறவு என்று கேட்டால், ஒன்றுமில்லை. நோய் நிவாரணம் என்ற பெயரில் பத்தாண்டுப் பழைய தெற்கு–வடக்கு இடைவெளியையும் சேர்த்துச் சரிசெய்யப் பார்த்தார்கள். என் பார்வையில் அது தெரிந்தே செய்தது, சரியானதும்கூட.

கே: ஏதாவது ஒரு நாடு கட்டாமல் போனால் எல்லாம் ஜெர்மனி தலையில்தானே விழும்?

இல்லை. கடனாக வாங்கிய நாடு தன் கடனைத் தானே கட்ட வேண்டும். மானியமாகப் போனதை ஒன்றிய பட்ஜெட் கட்டும். அதில் ஒவ்வொரு நாட்டின் பங்கும் பெரும்பாலும் அதன் தேசிய வருமான அளவை ஒட்டியது. உறுப்பு நாடுகளிடம் கேட்கக்கூடிய உச்சவரம்பை மொத்த தேசிய வருமானத்தில் 1.40 சதவீதமாக உயர்த்தி, இந்தக் கடனுக்கென்றே தற்காலிகமாக இன்னொரு 0.6 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாடு தவறினால் மற்றவை தத்தம் விகிதப்படி, அந்த 0.6க்குள் மட்டும் ஈடுகட்டும். முழுக் கடனையும் ஒரே நாட்டிடம் வசூலிக்க வழியில்லை. இதற்கு 27 நாடுகளும் ஒப்புதல் தர 2021 மே கடைசி வரை ஆனது. முதல் பத்திரம் ஜூன் 15 அன்றுதான் வெளிவந்தது.

கே: பணம் கைக்கு வரும் வரிசையைச் சொல்லுங்கள்.

முதலில் நாடு ஒரு திட்டம் தர வேண்டும். அதில் குறைந்தது 37 சதவீதம் காலநிலைக்கு, 20 சதவீதம் டிஜிட்டலுக்கு. ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் முதலீட்டுக்கும் மைல்கல்லும் (சட்டம் நிறைவேறியது போன்றவை) இலக்கும் (இத்தனை வீடு, இத்தனை கிலோமீட்டர்) தேதியோடு எழுத வேண்டும். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பரிசீலித்து, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் ஏற்றதும் 13 சதவீதம் வரை முன்பணம். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை தவணை கேட்கலாம். ஆணையம் இரண்டு மாதத்தில் சரிபார்க்க வேண்டும், நிதித்துறை அதிகாரிகள் குழு கருத்துச் சொல்லும், அப்புறம் பணம். குறை இருந்தால் அந்த அளவுக்கு நிறுத்திவைத்து ஆறு மாத அவகாசம். அதற்குள்ளும் முடியாவிட்டால் அந்தத் தொகை வெட்டு. வேலை முடிக்க 2026 ஆகஸ்ட் 31, பட்டுவாடாவுக்கு அதே ஆண்டு டிசம்பர் 31 கடைசி.

இங்கே பில் கொடுத்துப் பணம் வாங்குவதில்லை, முடிவைக் காட்டி வாங்க வேண்டும். இதுதான் பழைய ஐரோப்பிய நிதிகளிலிருந்து பெரிய மாற்றம். ஒன்றியச் செலவுகளைத் தணிக்கை செய்யும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றத்துக்கு உறுத்துவதும் இதுவே: உண்மையில் எவ்வளவு செலவானது என்ற கணக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை.

கே: நடைமுறையில் எங்கே சிக்கியது?

முதலில் தவணை வெட்டுப்பட்டது லிதுவேனியாவுக்கு. வரிச் சீர்திருத்த மைல்கற்கள் இரண்டு நிறைவேறவில்லை என்று 2023இல் முதல் தவணையில் ஒரு பகுதியை நிறுத்தினார்கள். ஹங்கேரிக்கு நீதித்துறை, ஊழல் தடுப்பு தொடர்பாக 27 முன்நிபந்தனைகள். அவை முடியாமல் வழக்கமான தவணை இல்லை என்றார்கள். இத்தாலி ஃப்ளோரன்ஸ் ஸ்டேடியத்தைத் திட்டத்தில் செருகி, ஆணையம் கேள்வி கேட்டதும் எடுத்தது; மாணவர் விடுதி இலக்கை அடுத்த தவணைக்குத் தள்ளியது. 2022 கடைசியில் கேட்ட மூன்றாம் தவணை 2023 அக்டோபரில்தான் வந்தது.

பெரிய சிக்கல் இதற்கும் கீழே இருக்கிறது. சட்டம் போடுவது சுலபம். ரயில் பாதைக்கு நிலம் எடுத்து, டெண்டர் விட்டு, கட்டி முடிக்க ஆறு ஆண்டு போதாது. டெண்டரைச் சரிபார்க்கும் பொறியாளர்கூட இல்லாத சின்ன நகராட்சிகளில் வேலை அப்படியே நின்றது. நீண்டகாலக் கட்டுமானத்தை அவசரகால கெடுவுக்குள் அடைத்ததுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு.

கே: ஜெர்மனியும் நெதர்லாந்தும் கடன் பகுதியைத் தொடவில்லையே?

அவர்கள் சொந்தமாக வாங்கினால் ஒன்றியத்தைவிட வட்டி குறைவு. கடன் லாபமாக இருந்தது இத்தாலி, கிரீஸ் போன்றோருக்குத்தான்.

கே: இந்தக் கடனை எப்போது, எதிலிருந்து கட்டுவார்கள்?

2028இல் அசல் தொடங்கி 2058க்குள் முடிய வேண்டும். முதல் 10 ஆண்டுப் பத்திரம் 0.1 சதவீத வட்டிக்கும் கீழே விற்றது. 2023இல் புதுக் கடனுக்கு 3 சதவீதத்துக்கு மேல். 7 ஆண்டு வட்டிக்கென்று ஒதுக்கிய சுமார் 1,500 கோடி போதாமல் 2024இல் பட்ஜெட்டையே திருத்தினார்கள். கடனைக் கட்ட ‘புது வருவாய்’ என்று வந்தது மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக் பேக்கேஜிங்குக்குக் கிலோவுக்கு 80 காசு மட்டும், அதாவது யூரோவில் 0.80. கார்பன் சந்தை (ஆலைகளுக்குப் புகை வெளியிடும் உரிமம் விற்பது) வருமானம், இறக்குமதிக் கார்பன் வரி இரண்டையும் ஆணையம் 2021இலேயே முன்மொழிந்தது. உறுப்பு நாடுகள் இழுத்தடித்தன. வாங்கும்போது இருந்த ஒற்றுமை கட்டும்போது இருக்காது என்று அன்றே எழுதி வைத்திருக்கலாம்.

கே: இதை நிரந்தர ஏற்பாடாக்க முடியுமா?

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2022 டிசம்பர் 6 அன்று இதை அனுமதித்தபோது பார்த்ததே, இது ஒருமுறைக்கானதா, தொகைக்கும் காலத்துக்கும் வரம்பு உண்டா, நோக்கம் குறிப்பானதா என்பதைத்தான். ஆகவே அதே அச்சில் மறுபடி வார்ப்பது கடினம். 2025 மே மாதம் பாதுகாப்புத் தளவாடங்களுக்கு 15,000 கோடி கூட்டாகத் திரட்ட முடிவானது. அது முழுக்கக் கடன், மானியம் ஒரு யூரோவும் இல்லை. எல்லோர் பெயரிலும் வாங்கி, வசதி குறைந்த நாட்டுக்குத் திருப்பிக் கேட்காமல் கொடுப்பது என்ற 2020இன் பகுதிதான் தொடரவில்லை.