முதல் வாரம் குறைந்த 3 கிலோ

கேள்வி: வயது 34, உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோவாக இருந்தது. ஒரு மாதமாக நாளுக்கு 800 கலோரிதான் சாப்பிடுகிறேன். முதல் வாரம் 3 கிலோ குறைந்தது. அடுத்த மூன்று வாரங்களில் ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஓயாத சோர்வு, லேசான குளிரும் தாங்கவில்லை. என் வளர்சிதை மாற்றம் கெட்டுவிட்டதா டாக்டர்?

பதில்: கெடவில்லை. வரவு குறைந்ததால் உடல் செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த 3 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 3 கிலோ கொழுப்பு ஒரே வாரத்தில் கரைய, தினமும் 3,300 கலோரி பற்றாக்குறை விழவேண்டும். உங்கள் உடலின் ஒரு நாள் மொத்தச் செலவே 1,900 சொச்சம்தான். அதில் சுமார் 1,400 நீங்கள் படுத்தே கிடந்தாலும் மூளை, கல்லீரல், இதயம் போன்றவற்றுக்குப் போவது. ஆகவே இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவுக்கு கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரைச் சேமிப்பு உண்டு. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். உணவு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் சிறுநீரில் போகிறது.

எனக்குக் கவலை தருவது அதற்குப் பிறகு நடப்பதுதான். மூளைக்கு நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்ற நம் உடலால் முடியாது. அதனால் தசைப் புரதத்தை உடைத்துக் கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. தசை குறைந்தால் ஓய்வு நேரச் செலவும் குறையும். தைராய்டு ஹார்மோனான டி3 இறங்குவதால் குளிர் உறைக்கும். உங்களை அறியாமலே நடமாட்டமும் குறைந்திருக்கும். இன்னொன்று, சமையல் எண்ணெயை அளந்தீர்களா? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

இனி உணவை 1,400 கலோரிக்கு உயர்த்துங்கள். அதில் புரதம் 80 முதல் 85 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. இரவில் மொத்தமாக வேண்டாம். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவு பொருந்தாது, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி கட்டாயம். வெறும் நடை தசையைக் காப்பாற்றாது.

உணவைக் கூட்டிய முதல் வாரம் எடை ஒரு கிலோ ஏறலாம். போன தண்ணீர் திரும்புகிறது, அவ்வளவுதான். பயந்துபோய் மறுபடி பட்டினி கிடக்காதீர்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அரைக் கிலோ வரை இறங்கினால் அது பெரும்பாலும் கொழுப்பு.

ஒரு மாதத்தில் சோர்வு தீராவிட்டால் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள். பட்டினியால் வரும் முடி உதிர்வு இரண்டு மூன்று மாதம் தள்ளியே தொடங்கும். அப்போது திகைக்க வேண்டாம், பெரும்பாலும் மீண்டும் வளரும். ஆனால் வலது மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் காத்திருக்காதீர்கள். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.