ஏழு பேர், பதினான்கு நிமிடம்: பெண்கள் ரக்பி கேள்வி பதில்

பெண்கள் ரக்பி செவன்ஸ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டுவிட்டேன். காபி ஆறுவதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. "நீங்க யாருங்க?" என்று கேட்டவர்களுக்கு: சென்னையில் கல்லூரி நாட்களில் ஆட ஆரம்பித்தவள். இப்போது சிங்கப்பூரில் சனி ஞாயிறுகளில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். டாக்டர் இல்லை, செலக்டரும் இல்லை. வந்த வரிசையிலேயே போகிறேன்.

ராஜபாளையம் ரமேஷ்: அக்கா, ரக்பின்னா 15 பேர்தானே? இந்த செவன்ஸ் எதுக்குத் தனியா?

1883-இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில் கிளப்புக்குக் காசு தேவைப்பட்டது. நெட் ஹேக் என்ற கசாப்புக்கடைக்காரர் யோசனை சொன்னார்: ஆளைக் குறை, நேரத்தைக் குறை, ஒரே நாளில் பல ஆட்டம் வை. அங்கே தொடங்கியதுதான் இது.

ஆளைக் குறைத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், மைதானத்தை மட்டும் குறைக்கவில்லை. அகலம் அதே 70 மீட்டர். ஒருத்தி பின்னால் ஸ்வீப்பராக நின்றால் முன்வரிசையில் ஆறு பேர். ஆளுக்குப் பதினொரு மீட்டருக்கு மேல். நம்ம ஊர்த் தெருவின் அகலம் முழுக்க ஒருத்தி காவல் காக்க வேண்டும், எதிரே வருகிறவள் எந்தப் பக்கம் வெட்டுவாள் என்று தெரியாது. செவன்ஸ் என்பது அந்தப் பதினொரு மீட்டர்தான். இடித்துத் தள்ளுகிற ஆட்டம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இது இடம் தேடுகிற ஆட்டம்.

ஒரு பாதி 7 நிமிடம், நடுவில் 2 நிமிட இடைவேளை. மஞ்சள் அட்டை வாங்கினால் 2 நிமிடம் வெளியே. மொத்த ஆட்டத்தில் ஏழில் ஒரு பங்கு! ஆறு பேராக அந்த 2 நிமிடத்தை ஓட்டுவதற்குள் இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, 5 புள்ளி) விழுந்துவிடும்.

சுபா, கோவை: பெண்களுக்கு பந்து சின்னதா? நேரம் கம்மியா?

அதே மைதானம், அதே 14 நிமிடம். பந்தும் வழக்கமாக அதே பந்துதான்.

நெல்லை கணேசன்: இது எப்போ ஒலிம்பிக்ல வந்துச்சு? பெண்கள் அணி அதுக்கு முன்னாடியே இருந்துச்சா?

நல்ல கேள்வி, கொஞ்சம் உட்காருங்கள். 15 பேர் ஆட்டத்தில் பெண்கள் உலகக் கோப்பை 1991-இலேயே வேல்ஸில் நடந்தது. இறுதியில் அமெரிக்கா இங்கிலாந்தை 19–6 என்று வென்றது. செவன்ஸில் பெண்கள் உலகக் கோப்பை வந்தது 2009 மார்ச்சில், துபாயில். ஆண்கள் போட்டியோடு சேர்த்தே நடத்தினார்கள். இறுதியில் ஆஸ்திரேலியா கூடுதல் நேரத்தில் நியூசிலாந்தை 15–10 என்று சாய்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒலிம்பிக் கமிட்டி செவன்ஸுக்குக் கதவைத் திறந்தது. முதல் போட்டி ரியோ 2016.

அந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஒலிம்பிக் பதக்கம் என்றதும் அரசாங்கப் பணம் வரும் அல்லவா? நியூசிலாந்து 2012-இல் 'கோ ஃபார் கோல்டு' என்று ஊர் ஊராகப் போய்த் திறமை தேடியது. ரக்பியே ஆடாத பெண்களையும் கூப்பிட்டார்கள். நெட்பால் ஆடிக்கொண்டிருந்த போர்ஷியா வுட்மன் அப்படி வந்தவர். ஆஸ்திரேலியா டச் ஃபுட்பால் (பிடித்துத் தள்ளாமல், தொட்டாலே நிறுத்துகிற ரக்பி மாதிரி ஆட்டம்) ஆடியவர்களைத் திரட்டியது. ஷார்லட் காஸ்லிக், எமிலி செர்ரி எல்லாம் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். ரியோவில் தங்கமும் அவர்களுக்குத்தான், நியூசிலாந்தை 24–17 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தங்கம் நியூசிலாந்துக்கு.

விக்னேஷ்: பாரிஸ்ல அமெரிக்கா வெண்கலம் வாங்குனது டைம் முடிஞ்ச பிறகு போட்ட ட்ரை. எப்படிச் செல்லும்? அநியாயம்.

தம்பி, ரக்பியில் கடிகாரம் ஓடி முடிந்தவுடன் ஆட்டம் முடியாது. பந்து செத்தால்தான் முடியும். கோட்டுக்கு வெளியே போக வேண்டும், அல்லது பெனால்டி அல்லாத ஏதாவது தவறுக்கு நடுவர் விசில் அடிக்க வேண்டும். அதுவரை உயிரோடுதான் இருக்கிறது.

அந்த ஆட்டத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஆஸ்திரேலியா 12–7 என்று முன்னால். அலெக்ஸ் செட்ரிக் தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி, பிடியை உதறி, கிட்டத்தட்ட முழு மைதானமும் ஓடினார். ஓடினார் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். எங்கே பந்தை வைத்தார் என்பதை எத்தனை பேர் பார்த்தீர்கள்? இரண்டு கம்பங்களுக்கு நடுவே. ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 2 புள்ளி எடுப்பதுதான் கன்வர்ஷன். பந்து வைத்த இடத்துக்கு நேராகப் பின்னால் நின்றுதான் அதை உதைக்க வேண்டும், அதுவும் செவன்ஸில் டிராப் கிக், அதாவது பந்தைத் தரையில் விட்டு அது எழும்போது உதைப்பது. மூலையில் வைத்திருந்தால் 12–12, பிறகு மூலையிலிருந்து நடுக்கத்தோடு ஓர் உதை. நடுவில் வைத்ததால் எளிதான உதை. 14–12. இரண்டு பக்கமும் தலா இரண்டு ட்ரை, பதக்கத்தை முடிவு செய்தது ஒரு கன்வர்ஷன்.

என் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்கிறேன்: கோட்டைத் தாண்டியதும் தொப்பென்று விழாதே, யாரும் துரத்தவில்லை என்றால் நடுவுக்குப் போ. கேட்பதே இல்லை.

கபடி செல்வம், திண்டுக்கல்: ரொம்பப் பேசுறீங்க. நம்ம கபடிப் பொண்ணுங்க ஏழு பேரை இறக்குனா ஆறு மாசத்துல ஆசியாவையே ஜெயிப்பாங்க. அங்கயும் ஏழு பேர், இங்கயும் ஏழு பேர். பிடி தெரியும், மூச்சு உண்டு. வேற என்ன வேணும்?

வந்துவிட்டீர்களா! இதற்குப் பதில் எழுதத்தான் ஆசை.

கபடியில் எங்கள் பிள்ளைகளிடம் இல்லாத பல இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கபடியில் பிடி என்பது கூட்டு வேலை. பாடி வருகிறவளை இரண்டு மூன்று பேர் சங்கிலியாக வளைத்து அமுக்க வேண்டும். செவன்ஸில் ஒருத்தியை மூன்று பேர் அமுக்கினால் மைதானத்தில் முப்பது மீட்டர் காலியாகக் கிடக்கும். அவள் விழுவதற்குள் பந்து அங்கே போய்விடும். இன்னொன்று, கபடியில் விடாமல் பிடிப்பதுதான் திறமை. இங்கே ஆள் தரையில் விழுந்ததும் விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் பெனால்டி. கை சுற்றாமல் தோளால் மோதித் தள்ளினால் அதற்கும் தண்டனை.

கபடி செல்வம்: அதெல்லாம் ஒரு வாரத்துல கத்துக்குவாங்க.

ஓட்டக்காரி, திருச்சி: குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். கபடி வேண்டாம், 100 மீட்டர், 200 மீட்டர் ஓடுற பொண்ணுங்களைக் கொண்டு வாங்க. வேகத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது, பிடியைச் சொல்லிக் கொடுக்கலாம்.

கபடி செல்வம்: நேரா ஓடுறவங்க எல்லாம் ஒரு பிடிக்குத் தாங்க மாட்டாங்க அம்மா.

இருவரும் கொஞ்சம் இருங்கள், நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு கபடி ஆடிவிட்டு ஒரு பெண் எங்களிடம் வந்தாள். முதல் நாள் பந்தைக் கொடுத்து ஓடு என்றேன். எதிரே வந்த இரண்டு பேரை ஒரு காலில் நின்று ஏமாற்றித் தாண்டினாள், நான் வாயைப் பிளந்தேன். முன்னால் யாருமே இல்லை. சட்டென்று திரும்பி எங்கள் பக்கமே ஓடி வந்துவிட்டாள்! ஆளைத் தொட்டாயிற்று, நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று உடம்புக்குள் இருக்கிறது. அவளும் சிரித்தாள், நாங்களும் உட்கார்ந்து சிரித்தோம். அது மறைய ஒரு மாதம் ஆனது. ஓடும்போது முணுமுணுவென்று 'கபடி கபடி' சொல்வது கடைசி வரை போகவில்லை.

பிடியில்தான் உண்மையான சிக்கல். கணுக்கால் பிடிக்குத் தலையை முன்னால் விட்டுப் பாய்வாள். கபடியில் ஓடிவருகிற வேகம் குறைவு. இங்கே முழு வேகத்தில் வருகிறவளின் முழங்கால் தலையில் பட்டால்? டாக்கிளில், அதாவது ஆளைப் பிடித்து வீழ்த்தும்போது, தலை எப்போதும் ஆளுக்குப் பின்பக்கமாக, பக்கவாட்டில் ஒட்டி இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யும் வரை அவளை ஆட்டத்தில் இறக்கவில்லை. தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, இதில் பேச்சே கிடையாது.

ஓட்டக்காரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பீகாரின் ஸ்வீட்டி குமாரி தடகளத்திலிருந்து வந்தவர்தான், அவர் விலகி ஓடினால் பிடிக்க ஆளில்லை.

மலர்விழி: இந்தியப் பெண்கள் அணி எந்த நிலையில இருக்கு?

ஏறுமுகம், ஆனால் மெதுவாக. 15 பேர் ஆட்டத்தில் முதல் சர்வதேசப் போட்டியே 2018-இல்தான், இங்கே சிங்கப்பூரில். தோற்றார்கள். அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸில் அதே சிங்கப்பூரை 21–19 என்று வென்று முதல் வெற்றி. நான் சிங்கப்பூரில் இருந்துகொண்டு யாருக்குக் கைதட்டினேன் என்று கேட்காதீர்கள். செவன்ஸில் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசிய டிராபியில் வெள்ளி. 2025-இல் பீகாரின் ராஜ்கீரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் பெண்கள் வெண்கலம். இந்த அணிகளின் முதுகெலும்பு ஒடிசா, பீகார் பிள்ளைகள். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியிலிருந்து வந்தவர்கள் பலர்.

பிரபு: இந்தியா எப்போ ஒலிம்பிக் போகும்?

12 அணிகளுக்குத்தான் இடம். பாரிஸுக்கு ஆசியத் தகுதிச்சுற்றில் நேராகப் போனது ஜப்பான். ஆசிய விளையாட்டில் 2014, 2018, 2023-இல் நடந்த ஹாங்சோ என்று மூன்று முறை தொடர்ந்து தங்கம் வாங்கிய சீனாவே மொனாக்கோவில் கடைசி வாய்ப்புச் சுற்று ஆடித்தான் நுழைந்தது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

யாழ் தமிழினி: அக்கா, எங்கட இலங்கைப் பிள்ளைகளும் பேர்மிங்ஹாமுக்குப் போனவை. ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

உண்மைதான் தங்கச்சி. 2022 காமன்வெல்த். குழுவில் யார் யார் என்று பாருங்கள்: நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து. இதைவிடக் கொடுமையான சீட்டு விழ முடியாது. ஸ்கோரை மட்டும் பார்த்துச் சிரித்தவர்கள், சம்பளத்துக்கு முழுநேரமும் ஆடுகிறவர்களை எதிர்த்து நின்றார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். ஃபிஜியையே எடுத்துக்கொள்ளுங்களேன். டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய அணி, பாரிஸில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை.

அனிதா: பொண்ணுக்கு 13 வயசு. ஆடணும்னு அடம் பிடிக்கிறா. முழங்கால் போயிடுமோன்னு பயமா இருக்கு.

முழங்காலுக்கு டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல. நியூசிலாந்தின் சாரா ஹிரினி 2023 டிசம்பரில் துபாயில் முழங்கால் தசைநார் கிழிந்து, அடுத்த ஜூலையில் பாரிஸில் ஆடித் தங்கம் வாங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவப் படையே இருந்தது. உங்கள் பெண்ணுக்கு அப்படி அவசரம் எதுவும் இல்லை. நான் சொல்லக்கூடியது வேறு: பயிற்சியாளரிடம் "தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு ஆடுவா" என்று சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உடனே வெளியே எடுப்போம், குறைந்தது மூன்று வாரம் ஆட விடமாட்டோம் என்று சொல்கிறவரிடம் தைரியமாக விடலாம்.

சதீஷ்: இது அமெரிக்கன் ஃபுட்பால் தானே?

இல்லை.

மணி: ஹெல்மெட் ஏன் போடலை? அமெரிக்கன் ஃபுட்பால்ல போடுறாங்களே.

மேலே பாருங்கள்.

பெயர் சொல்லாதவர்: இலோனா மாஹர் பத்திச் சொல்லுங்க.

ஐந்தாவது ஆள் நீங்கள். அமெரிக்க அணி, பாரிஸ் வெண்கலம், நர்சிங் படித்தவர். மற்றதை அவரே தினமும் வீடியோ போட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

தினேஷ்: சென்னை டீம் 2025-ல ரக்பி லீக் ஜெயிச்சாங்களே, பெண்களுக்கு?

சென்னை புல்ஸ் ஜெயித்தது ஆண்கள் லீக்.

கௌசல்யா: ட்ரை போட்டவங்களே மறுபடி கிக் அடிக்கிறாங்களே, தப்பா காட்டுறாங்களா?

கவனித்தீர்களே, சபாஷ். 15 பேர் ஆட்டத்தில் ட்ரையை விட்டுக்கொடுத்தவர்கள் உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவார்கள். செவன்ஸில் போட்டவர்களே உதைக்க வேண்டும். பந்து எதிரணிக்குப் போகும் வாய்ப்பு அதிகம், இல்லையென்றால் ஒரே அணி 14 நிமிடமும் பந்தை வைத்திருக்கும். அதனால்தான் உயரமாக உதைத்துத் துள்ளிப் பிடிக்கிறவளுக்கு இவ்வளவு மதிப்பு.

ஆறுமுகம்: ரக்பி அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரியா?

ஆறுமுகம் அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கபடி செல்வம்: நான் இன்னும் போகலை. சரி, தங்கச்சி மக பத்துப் பேரைக் கூட்டி வச்சிருக்கா. கோச் இல்லை. எங்க ஊர் கபடி மைதானத்துலயே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள்! பந்து ஒன்று போதும், ஐந்தாம் நம்பர் சைஸ். டாக்கிள் வேண்டவே வேண்டாம், சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் வரும் வரை தொட்டாலே நின்றுவிட வேண்டும் என்று வையுங்கள். ரியோவில் தங்கம் வாங்கிய பலர் அப்படித் தொட்டு ஆடி வந்தவர்கள்தான். பாஸ் பின்பக்கமாகத்தான். நகத்தை வெட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம், மைதானத்தின் நடுக்கோட்டை முதலில் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் திரும்பி ஓடி வந்துவிடுவார்கள்.