கார் சாவி இக்னிஷனில் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை, என்ன செய்வது?

முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்துச் சரிவில் நிறுத்தியிருப்பதாகவும், இன்ஜின் நின்றுவிட்டது, சாவி மட்டும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பலம் கொடுத்துத் திருகினால் சாவி வளையும், இல்லாவிட்டால் உள்ளேயே முறியும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது, மலையிலிருந்து வண்டியைக் கட்டி இறக்கும் வேலையாகிவிடும்.

எனக்கு இது நடந்ததும் அதே மலையில்தான். எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டி. மச்சானுடைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கிக்கொண்டு அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நல்லபடியாக ஏறி முடித்தாயிற்று. லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளைப் பார்க்கலாம் என்று போகிற வழியில், டீ குடிக்க ஒரு இறக்கத்தில் ஓரம் கட்டினேன். சாவி ஏசிசி வரைக்கும், அதாவது இன்ஜின் நின்று ரேடியோ மட்டும் பாடும் நிலை வரைக்கும் திரும்புகிறது, அதற்கு மேல் சாவியை உருவக்கூடிய லாக் நிலைக்கு வரவே இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அம்மாவுக்குக் குளிர். பதற்றத்தில் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். சாவியின் தலை லேசாக முறுக்கிக்கொண்டதைக் கையிலேயே உணர்ந்தேன்.

பக்கத்தில் எஸ்டேட் ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "ஏனுங்க தம்பி, சாவி வரலீங்களா? அதைத் திருகாதீங்க. கியரு முழுசாப் போயி உக்காரலீங்க" என்றார். சொல்லிவிட்டு, சரிவுப் பக்கம் இருந்த முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை எடுத்து அண்டை கொடுத்தார். அதற்கு அப்புறம்தான் மற்ற வேலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி சாவியை ஆன் நிலைக்குத் திருப்பச் சொன்னார். கியர் லிவரை 'பி'யிலிருந்து (பார்க்கிங்) 'என்'னுக்குக் (நியூட்ரல்) கொண்டுவந்து, மறுபடி 'பி'யில் கடைசி வரை தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். சாவியைப் பின்னால் திருப்பினால் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. லிவர் 'பி'யில் உட்காராமல் சாவி கழன்று வந்துவிட்டால், ஓட்டுபவர் இறங்கிப் போனபின் வண்டி தானாக உருளும். அதைத் தடுக்கத்தான் லிவர் அசலாகவே 'பி'க்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சின்ன சுவிட்சோ கேபிளோ வைத்திருக்கிறார்கள். அது 'வந்தாச்சு' என்று சொன்னால்தான் இக்னிஷன் சாவியை விடும். லிவர் ஒரு நூல் முன்னால் நின்றாலும் விடாது. பார்வைக்கு 'பி'யில் இருப்பது போலத்தான் தெரியும். அதனால் மேலே சொன்னபடி ஒரு முறை செய்து பாருங்கள். கல் வைக்காமல் மட்டும் செய்யாதீர்கள். 'என்'னில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்டியைப் பிடித்திருப்பது உங்கள் பிரேக் மட்டும்தான். இன்ஜின் நின்ற வண்டியில் இரண்டு மூன்று முறை மிதித்ததுமே பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும்.

சரிவில் நிறுத்தும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏற்காட்டில் சமதளமாக இடம் கிடைப்பதே அபூர்வம். கால் பிரேக்கில் நின்று, லிவரை 'என்'னில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். பிறகு கால் பிரேக்கை மெல்ல விட்டு, வண்டியின் கனம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். திரும்பக் கால் பிரேக்கை அழுத்தி 'பி'யில் போட்டு இன்ஜினை நிறுத்துங்கள். நேராக 'பி'யில் போட்டுவிட்டுக் காலை எடுத்தால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் மொத்த வண்டியும் தொங்கும். கிளம்பும்போது லிவர் 'பி'யை விட்டு அசைய மறுப்பதும், அசைந்தால் 'டங்'கென்று அதிர்வதும் அதனால்தான்.

மேனுவல் வண்டி என்றால் கியர் இதற்குக் காரணமாக இருப்பது அரிது. பல மேனுவல் கார்களில் ஏசிசியிலிருந்து லாக் நிலைக்குப் போக, சாவியை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். ஓடும்போது தவறிப்போய் லாக் ஆகிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. புதிதாக ஒரு வண்டியை எடுத்து ஓட்டுபவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான். அதுவும் இல்லையென்றால் ஸ்டியரிங்கைப் பாருங்கள். சக்கரத்தை ஓரத்துக் கல்லில் முட்டவைத்து ஒடித்து நிறுத்தியிருந்தால் ஸ்டியரிங் விறைப்பாக நிற்கும், அந்த இறுக்கம் லாக்கையும் பிடிக்கும். இடது கையால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே வலது கையால் சாவியைத் திருப்புங்கள். காலையில் சாவியைப் போட்டால் திரும்பவே மாட்டேன் என்கிறதே, அதற்கும் இதே வைத்தியம்தான்.

எண்ணெய் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதிலும் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. சேலத்தில் விட்டுவிட்டு ஏற்காட்டில் ஒரு ராத்திரி நிறுத்தினால் காலையில் லாக்குக்குள் மெழுகு மாதிரி கட்டி நிற்கும். உறையாத எண்ணெயும் தூசியை இழுத்துச் சேறாக்கும். லாக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் சாவியின் பல்லுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும், சேறு சேர்ந்தால் அவை பாதியில் நின்றுவிடும். கிராஃபைட் பவுடர் கிடைத்தால் அதைக் கொஞ்சம் ஊதிவிடலாம். கிடைக்காவிட்டால், சாவி வெளியே வந்தபிறகு பென்சில் முனையை அதன் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுங்கள்.

பேட்டரி தீர்ந்து போயிருந்தாலும் சில ஆட்டோமேட்டிக் வண்டிகள் சாவியை விடாது, ஏனென்றால் பூட்டை விடுவிக்க அவற்றுக்குக் கரண்ட் வேண்டும். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுத்துவிட்டு முயன்று பாருங்கள்.

என் கதைக்கு ஒரு பாகம் பாக்கி இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதே காரில் அதே தொல்லை, இந்த முறை வீட்டு வாசலில், சமதளத்தில். லிவரை எத்தனை முறை தள்ளினாலும் சாவி வரவில்லை. ஒரு ஒர்க் ஷாப்பில், இக்னிஷன் லாக், கதவு லாக் எல்லாவற்றையும் செட்டாக மாற்ற வேண்டும் என்றார்கள். மச்சான் ஒத்துக்கொள்ள இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் எடுத்துப் போனேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. கியர் லிவரின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். என் சின்ன மகன் எப்போதோ கொட்டிய பன்னீர் சோடா பிசினாக உறைந்து, அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துச் சுத்தம் செய்து மாட்டினார். அவ்வளவுதான். அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், லாக்கை மாற்ற யாராவது சொன்னால், லிவர் அடியைத் திறந்து பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாவி வந்த சந்தோஷத்தில் இறங்கும்போது, பெட்ரோல் மிச்சம் என்று சிலர் செய்வது போல் இன்ஜினை ஆஃப் செய்து வண்டியை உருட்டாதீர்கள். ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். லாக் வரை திருப்பிச் சாவி கையோடு வந்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அடுத்த கொண்டை ஊசியில் வண்டி நேராகத்தான் போகும். குப்பனூர் வழியாக இறங்கினாலும் சரி, அடிவாரம் வழியாக இறங்கினாலும் சரி, கியரில் இறங்குங்கள்.

எதுவும் பலிக்காமல் சாவியை அதிலேயே விட்டுவிட்டு ராத்திரி தங்கும்படி ஆனால், பேட்டரியின் மைனஸ் வயரை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிடுங்கள். ஏசிசியில் நின்றால் விடிவதற்குள் பேட்டரி படுத்துவிடும். வயரைக் கழற்றும் முன் கதவைப் பூட்ட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாவி முறிந்தே போயிருந்தால் மாற்றுச் சாவியை அதே துளையில் விட்டுக் குத்தாதீர்கள், துண்டு இன்னும் உள்ளே போய்விடும். முறிந்த தலையைத் தூக்கி எறியவும் வேண்டாம். பல வண்டிகளில் சாவியை வண்டிக்கு அடையாளம் காட்டும் சிப் அதற்குள்தான் இருக்கிறது, டூப்ளிகேட் போடுபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

லிவர் எந்த எழுத்தில் நிற்கிறது, சாவி எந்த நிலை வரை திரும்புகிறது, டேஷ்போர்டு விளக்கு எரிகிறதா என்று மூன்றையும் கீழே எழுதுங்கள். ராத்திரி பதினோரு மணி வரை விழித்திருப்பேன்.